மெல்பர்ன் ரெஸ்டாரன்ட் கிச்சனில் கேஷுவல் வேலையா? அடிபடுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

2024 ஜூலையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கடை சாத்துகிற நேரத்தில் ஃப்ரையரிலிருந்து எண்ணெயை இறக்கிக்கொண்டிருந்தபோது என் இடது கணுக்கால் மேல் கொட்டிக்கொண்டேன். காலில் கேன்வாஸ் ஷூ. அதற்குப் பிறகு நான்கு மாதம் பட்ட பாட்டில் பாதிதான் காயத்தால் வந்தது. மீதிப் பாதி, எந்தத் தாளை எப்போது யாரிடம் கொடுப்பது என்று தெரியாததாலும், ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு பொய் சொன்னதாலும் வந்தது. அந்த இரண்டாவது பாதி உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படிக்க வந்து, வாரத்தில் மூன்று நான்கு ஷிஃப்ட் ரெஸ்டாரன்ட், கஃபே, பப், கேட்டரிங் என்று ஓடுகிறவர்களுக்கானது இது. விக்டோரியா மாநில விதிகளை வைத்து எழுதியிருக்கிறேன். சிட்னி, பிரிஸ்பேனில் இருப்பவர்களுக்கு அலுவலகப் பெயர்களும் நாள் கணக்கும் மாறும், போக்கு ஏறத்தாழ இதேதான். நான் வக்கீல் இல்லை, சுட்டுக்கொண்டவன்.

1. ட்ரயல் ஷிஃப்டுக்குப் போகும் முன்: ஷூவும் டிஎஃப்என்னும்

முதலில் ஷூ. முழுக்க மூடிய, வழுக்காத அடிப்பகுதி உள்ள தோல் ஷூ வாங்குங்கள். நான் பிறகு வாங்கியது 45 டாலர். கேன்வாஸ் ஷூ எண்ணெயைத் தடுக்காது, குடிக்கும். குடித்த எண்ணெயைச் சாக்ஸ் வழியாகக் கால் மேலேயே சூடாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனக்குக் கொட்டிய எண்ணெய் ஒரு டம்ளர்கூட இருக்காது, ஆனால் லேஸை அவிழ்ப்பதற்குள் அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. சாக்ஸைக் கழற்றும்போது தோலும் கூடவே வந்தது.

அடுத்தது டிஎஃப்என், அதாவது வரி எண். வரி அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். "ஏபிஎன் எடுத்துட்டு வா, ஈஸியா இருக்கும்" என்று கடையில் சொன்னால் யோசியுங்கள், அது சொந்தத் தொழில் நடத்துகிறவர்களுக்கான எண். பாத்திரம் கழுவுகிறவரும் தட்டு எடுக்கிறவரும் தனித் தொழில் நடத்துகிறவர்கள் கிடையாது. ஏபிஎன்னில் போட்டால் சூப்பர் (முதலாளி போடும் ஓய்வுக்காலச் சேமிப்பு) போட மாட்டார்கள், அடிபட்டால் "நீ என் தொழிலாளியே இல்லை" என்று கை கழுவப் பார்ப்பார்கள். ஏற்கெனவே அப்படித்தான் வேலை செய்கிறீர்கள் என்றாலும் உரிமை போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். காகிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்பதைவிட வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். எட்டாவது படியில் சொல்லும் இடங்களில் கேளுங்கள்.

ட்ரயல் பற்றி ஒரு வரி: உங்களுக்கு வேலை தெரியுமா என்று பார்க்க எவ்வளவு நேரம் தேவையோ அதற்கு மட்டும்தான் சம்பளமில்லாத ட்ரயல் செல்லும். வெள்ளிக்கிழமை டின்னர் முழுக்க நிற்க வைத்துவிட்டு "ட்ரயல்தானே" என்றால் அது சம்பளம் தர வேண்டிய வேலை. எந்த நாள், எத்தனை மணி என்று அவர்களிடமிருந்து ஒரு மெசேஜாவது வாங்கிக்கொண்டு போங்கள்.

2. முதல் வாரம்: போனில் ஒரு ஃபோல்டர்

போனில் ஒரு ஃபோல்டர் திறந்து இவற்றைப் போட்டு வையுங்கள்:

- கடை நடத்தும் கம்பெனியின் பெயர், அதன் ஏபிஎன் (போர்டில் இருக்கும் கடைப் பெயர் வேறு, கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும், பேஸ்லிப்பில் பாருங்கள்)
- ஒவ்வொரு வார ரோஸ்டரின் போட்டோ
- ஒவ்வொரு பேஸ்லிப்
- எந்தத் தேதி எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், வெளியே வந்தீர்கள் என்ற குறிப்பு

சம்பளம் கொடுத்து ஒரு வேலை நாளுக்குள் பேஸ்லிப் தர வேண்டும் என்பது சட்டம். கேஷுவலாக, அதாவது நிரந்தரமில்லாமல் ஷிஃப்ட் கணக்கில் சேர்பவர்களுக்கு அவர்களுக்கென்றே உள்ள அரசுத் தகவல் தாள் ஒன்றையும் கொடுக்க வேண்டும், எனக்குத் தரவில்லை, கேட்கணும் என்றும் அப்போது தெரியாது.

கேஷுவல் என்றால் மணிக்கு 25 சதவீதம் கூடுதல் சம்பளம் உண்டு, அதற்குப் பதிலாகச் சம்பளத்துடன் உடம்பு சரியில்லாத லீவு கிடையாது. இங்கேதான் பலருக்குக் குழப்பம். லீவு இல்லை, அதனால் அடிபட்டாலும் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். வேலையில் பட்ட காயத்துக்கான காப்பீடு முற்றிலும் வேறு சமாச்சாரம். இங்கே அதை வொர்க்கவர் என்பார்கள், நடத்துவது வொர்க்சேஃப் விக்டோரியா. கேஷுவலுக்கும் உண்டு, ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவருக்கும் உண்டு, சேர்ந்த முதல் நாளே உண்டு. யார் மேல் தப்பு என்பதும் பொதுவாகக் கேள்வி இல்லை. நீங்களே கவனக்குறைவாகக் கொட்டிக்கொண்டாலும் வேலையில் நடந்தது என்றால் போதும்.

கையில் காசாக வாங்குகிறவர்களுக்கும் உண்டு. ஆனால் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்பதை நிரூபிக்கத்தான் திண்டாட்டம். அதனால்தான் ரோஸ்டர் போட்டோ.

3. கிச்சனுக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டியது

புதுப் பையன், புதுப் பெண் என்றால் எல்லாக் கடையிலும் ஒரே கதைதான். யாரும் செய்ய விரும்பாத வேலை, கடைசிப் பதினைந்து நிமிடத்தில், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் வந்து சேரும். எங்கள் கடையில் அது ஃப்ரையர்.

ஃப்ரையர் எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கும். அணைத்தாலும் ஆறுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். ஆனால் பத்தரைக்கு எல்லாரும் கைரேகை வைத்து வெளியேறணும், பத்து மணி வரை ஆர்டர் எடுக்கணும். நடுவில் அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரத்தில் எண்ணெய் ஆறாது, அதனால் சூடாகவே இறக்குவோம், ஒரு பழைய இருபது லிட்டர் டின்னைக் குழாய்க்குக் கீழே வைத்து. டின் ஒருநாள் சரியாக உட்காரவில்லை. அவ்வளவுதான் விபத்து. இதற்கு வழி தைரியமோ கவனமோ இல்லை, நேரத்தை மாற்றுவதுதான்: ராத்திரி அணைத்துவிட்டு, மறுநாள் ஃப்ரையரைப் போடும் முன் ஆறிய எண்ணெயை இறக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கென்றே உள்ள ஃபில்டர் மெஷின் வேண்டும். ஆகவே முதல் வாரமே கேளுங்கள்: "ஃப்ரையரை யார் இறக்கறது, எப்ப இறக்கறது?" சர்வீஸ் முடிந்த உடனே என்று பதில் வந்தால், எப்படி என்று செய்து காட்டச் சொல்லுங்கள். ஈரக் கூடையையோ ஐஸ் ஒட்டிய சிப்ஸையோ அப்படியே எண்ணெயில் போடாதீர்கள், பொங்கி வெளியே வரும்.

கெமிக்கல். ஓவன் கழுவும் திரவம் காஸ்டிக், அதாவது கடுங்காரம். அதைப் பழைய கோக் பாட்டிலில் ஊற்றி லேபிள் இல்லாமல் சிங்க்குக்குக் கீழே வைக்கிற பழக்கம் பல கடைகளில் உண்டு. லேபிள் இல்லாத பாட்டிலைத் தொட மாட்டேன் என்று சொல்லுங்கள். ப்ளீச்சையும் உப்புக்கறை நீக்குகிற அமிலத்தையும் ஒரே வாளியில் கலந்தால் குளோரின் வாயு வரும், சின்ன டாய்லெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்து மூச்சு முட்டி வெளியே ஓடி வந்த நண்பன் எனக்கு உண்டு. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம், கூடவே நச்சுத் தகவல் மையத்துக்கு 13 11 26. ஒவ்வொரு கெமிக்கலுக்கும் பாதுகாப்புத் தாள் ஒன்று கடையில் இருக்க வேண்டும், எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்குவது: எண்ணெய் நிரம்பிய இருபது லிட்டர் டின் கிட்டத்தட்ட 18 கிலோ. பப்பில் வேலை என்றால், 50 லிட்டர் பீர் கெக் நிரம்பியிருக்கும்போது 60 கிலோவுக்கு மேல், என் எடையே அவ்வளவுதான். தனியாகத் தூக்கிக் காட்டி யாரிடமும் பேர் வாங்க வேண்டாம்.

கத்தியை நுரைத் தண்ணீருக்குள் போடாதீர்கள், போடுகிறவரையும் விடாதீர்கள். ஸ்லைசரைத் துடைக்கும் முன் ப்ளக்கைப் பிடுங்குங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஆள் உள்ளே நடந்து போகிற அளவுக்குப் பெரிய கூல்ரூமுக்கு உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி வேலை செய்கிறதா என்று ஒருமுறை கதவைச் சாத்திப் பாருங்கள், வெளியே ஒரு ஆளை நிறுத்திவிட்டு.

அப்புறம், வெளியே டேபிள் பார்க்கிற தங்கைகளுக்கு. குடித்துவிட்டு இடுப்பில் கை வைக்கும் கஸ்டமரும், கூல்ரூமில் வழிமறிக்கும் செஃப்பும் "இந்த ஃபீல்டுன்னா அப்படித்தான்" கணக்கில் வர மாட்டார்கள். வழுக்கும் தரை மாதிரியே அதையும் தடுக்க வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டு. தேதி, நேரம், யார் பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள்.

4. அடிபட்ட முதல் அரை மணி நேரம்

சூட்டுக்காயம் என்றால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம். நான் மூன்று நிமிடம் காட்டிவிட்டு, தரை துடைக்கணுமே என்று போய்விட்டேன். 20 நிமிடம் என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை, கடிகாரம் பார்த்து நில்லுங்கள். உடனே முடியாமல் போனாலும், பட்டு மூன்று மணி நேரத்துக்குள் தண்ணீர் காட்டினால் பலன் உண்டு. மோதிரம், வாட்ச், எண்ணெய் பட்ட துணி எல்லாவற்றையும் கழற்றுங்கள், ஆனால் தோலோடு ஒட்டியதைப் பிடுங்காதீர்கள் (நான் சாக்ஸில் செய்த தப்பு). ஐஸ் வேண்டாம். டூத்பேஸ்ட், மஞ்சள், நெய் எதுவும் வேண்டாம். எனக்கு மூன்றும் சொல்லப்பட்டது, ஒருவர் டூத்பேஸ்ட்டைத் திறந்துகொண்டே வந்தார். பிறகு கிச்சனில் இருக்கிற க்ளிங் ராப்பைத் தளர்வாகப் போர்த்திக்கொண்டு கிளம்புங்கள்.

முகம், கை, பாதம், மூட்டு ஆகிய இடங்களில் கொப்புளம் வந்தால் எமர்ஜென்சிக்கே போங்கள். கடுமையாக இருந்தால் 000க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். பெரியவர்களுக்கான மாநிலத் தீக்காயப் பிரிவு ஆல்ஃபிரட் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, தேவைப்பட்டால் மற்ற ஆஸ்பத்திரிகளே அங்கே அனுப்பிவிடுவார்கள். ஆம்புலன்ஸ் செலவை நினைத்து ட்ராமில் போகாதீர்கள். வொர்க்கவர் கிளெய்ம் (இழப்பீட்டு மனு) ஏற்கப்பட்டால் அதுவும் அதில் வரும்.

5. அன்று இரவே: எழுத்தில்

இந்தப் படியில்தான் நான் வழுக்கி விழுந்தேன், நம்மில் பெரும்பாலோர் விழுவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் ஓனர் நம்ம ஊர்க்காரர். எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். வந்து இறங்கிய மாதம் வேலை கொடுத்தவர், பொங்கலுக்கு வீட்டில் சாப்பாடு போட்டவர். அன்று ராத்திரி அவரே காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியில் சிக்னலில் நின்றபோது சொன்னார்: "தம்பி, வீட்ல சமைக்கும்போது ஊத்திக்கிட்டேன்னு சொல்லிடு. வேலைன்னு சொன்னா ஆயிரம் ஃபாரம், உன் விசாவுக்குத்தான் தலைவலி. செலவு நான் பாத்துக்கறேன், நாம என்ன வெளி ஆளுங்களா?" நானும் அப்படியே சொன்னேன். எமர்ஜென்சியில் முதலில் விசாரிக்கிற ட்ரியாஜ் நர்ஸ் அதை அப்படியே டைப் செய்தார். அந்த ஒரு வரி பிறகு எனக்கு மூன்று மாத அலைச்சலை வைத்தது.

அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. முதல் பத்து நாள் சம்பள இழப்பும் ஆரம்ப வைத்தியச் செலவில் ஒரு பகுதியும் பொதுவாக முதலாளியின் கையிலிருந்து போகும், ப்ரீமியம் ஏறுமோ என்ற பயம் வேறு. ஆனால் அண்ணா என்று கூப்பிட்ட வாயால் "ரிஜிஸ்டர்ல எழுதுங்க" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றவர் முதல் வாரம் 200 டாலர் கொடுத்தார். இரண்டாவது வாரம் போனை எடுக்கவில்லை.

கூட வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர்தான் அன்றைக்கே சொன்னார்: "தம்பி, உதெல்லாம் வாயால கதைச்சுச் சரிவராது, எழுத்தில குடும்." கேட்டிருக்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு கடையிலும் காயங்களைப் பதியும் ரிஜிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும். அதில் எழுதி, எழுதியதற்கு அத்தாட்சி வாங்குங்கள், இல்லை போட்டோ எடுங்கள். காயம் தெரிய வந்து 30 நாளுக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. 29வது நாள் வரை காத்திருக்காதீர்கள். ரிஜிஸ்டரே இல்லை என்றால் ஒரு மெசேஜ் போதும், இந்த மாதிரி:

"அண்ணா, இன்னைக்கு ராத்திரி 10.15க்கு கிச்சனில் ஃப்ரையர் எண்ணெய் இறக்கும்போது என் இடது கணுக்காலிலும் பாதத்திலும் சூடான எண்ணெய் கொட்டியது. எமர்ஜென்சிக்குப் போகிறேன். ரிஜிஸ்டரில் பதிவு செய்துவிடுங்கள்."

மரியாதை குறையாமல் எழுதலாம், கோபப்பட வேண்டியதில்லை. ஆனால் நேரம், இடம், என்ன செய்துகொண்டிருந்தோம், எந்த உறுப்பு என்ற நான்கும் அதில் இருக்கட்டும். பின்னால் அதிகாரிகள் படிப்பார்கள் என்பதால் ஆங்கிலத்திலும் அனுப்பிவிடுங்கள். ஷூ, டின், தரை எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். அந்த ஷூவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள், விரல் துண்டானது, கண்ணில் பலமாக அடி என்ற அளவுக்குப் போனால் முதலாளி உடனே வொர்க்சேஃபுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், நடந்த இடத்தைக் கலைக்கவும் கூடாது. அது உங்கள் வேலை இல்லை, அவர்கள் கடமை.

6. டாக்டரிடம் முதல் வாக்கியம்

"வேலை செய்யும்போது நடந்தது." உள்ளே போனதும் இதைச் சொல்லுங்கள், ரிசப்ஷனிலும் சொல்லுங்கள். நான் சொன்ன மாதிரி வீட்டில் நடந்தது என்று சொன்னால் இரண்டு பக்கமும் அடி. கிளெய்ம் போடும்போது உங்கள் மருத்துவப் பதிவே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். இன்னொரு பக்கம், நம்முடைய ஓஎஸ்ஹெச்சி (வெளிநாட்டு மாணவர்களுக்கான மருத்துவ) இன்சூரன்ஸ் பொதுவாக வேலைக் காயத்துக்குப் பணம் தராது, பொய் சொல்லி அதில் வாங்கினால் அது தனிச் சிக்கல்.

வாங்க வேண்டிய தாளின் பெயர் சர்டிஃபிகேட் ஆஃப் கெப்பாசிட்டி. சாதாரண மெடிக்கல் சர்டிஃபிகேட் உதவாது, நான் முதலில் அதைத்தான் வாங்கிக்கொண்டு போனேன். முதல் சர்டிஃபிகேட் அதிகபட்சம் 14 நாளுக்கு, டாக்டர்தான் தர வேண்டும். அதன் பிறகு வருபவை 28 நாள் வரை. ஒன்று முடியும் முன் அடுத்தது கையில் இருக்க வேண்டும், நடுவில் இரண்டு நாள் ஓட்டை விழுந்தால் அந்த நாட்களுக்குப் பணம் சிக்கிக்கொள்ளும். காலண்டரில் போட்டுக்கொள்ளுங்கள்.

காயம் பட்ட எல்லா இடத்தையும் அதில் எழுத வையுங்கள். கொட்டும்போது வழுக்கி மணிக்கட்டையும் ஊன்றியிருப்பீர்கள், அன்றைக்கு அது வலிக்காது, இரண்டு வாரம் கழித்து வலிக்கும்போது தாளில் இருக்காது.

ஆங்கிலத்தில் உடம்பு வலியை விளக்கத் திணறினால் 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கிளினிக்கே ஏற்பாடு செய்யும். வெட்கப்பட ஒன்றுமில்லை, "சுரீர்னு இழுக்குது" என்பதை நான் இன்னும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

7. கிளெய்ம் ஃபாரம்

தொழிலாளி காயக் கிளெய்ம் ஃபாரம் வொர்க்சேஃப் இணையதளத்தில் இருக்கிறது. கட்டணம் எதுவும் இல்லை. "நான் போட்டுத் தருகிறேன், 150 டாலர்" என்று ஒரு ஏஜென்ட் அண்ணாத்தே எனக்குக் கிடைத்தார், உங்களுக்கும் கிடைப்பார். வேண்டாம்.

ஃபாரத்தை நிரப்பி, சர்டிஃபிகேட்டோடு முதலாளியிடம் கொடுங்கள். இமெயிலில் கொடுத்தால் தேதிக்குச் சாட்சி இருக்கும். வாங்கி 10 நாளுக்குள் அவர் அதை வொர்க்சேஃப் சார்பில் கிளெய்மைப் பார்க்கும் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு அனுப்ப வேண்டும். சம்பள இழப்புக் கிளெய்ம் என்றால் ஏஜென்ட் தன் கைக்கு வந்து 28 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முதலாளி வாங்க மறுக்கிறார், இழுக்கிறார், கடையையே மூடிவிட்டார் என்றால் நேராக வொர்க்சேஃபுக்கே அனுப்பலாம், 1800 136 089இல் கேட்டால் வழி சொல்வார்கள். முதலாளி இன்சூரன்ஸே எடுக்கவில்லை என்றாலும் உங்கள் உரிமை போகாது.

எவ்வளவு கிடைக்கும்? முதல் 13 வாரம் உங்கள் பழைய சராசரி வாரச் சம்பளத்தில் 95 சதவீதம், அதன் பிறகு 130 வாரம் வரை 80 சதவீதம். கேஷுவலுக்குச் சராசரியைக் கடந்த ஒரு வருடத்தில், அல்லது சேர்ந்த நாளிலிருந்து போடுவார்கள். இங்கேதான் பேஸ்லிப் பேசும். கணக்கைப் பாருங்கள், மணிக்கு 30 டாலர் என்று ரவுண்டாக வைத்துக்கொள்வோம். வாரம் 22 மணி நேரம் என்றால் 660, அதில் 95 சதவீதம் 627. அதே 22 மணியில் 12 மட்டும் பேஸ்லிப்பில் வந்து மிச்சம் கையில் வந்திருந்தால், தாளின்படி 360, அதில் 95 சதவீதம் 342. வாரம் 285 டாலர் வித்தியாசம். என்னுடைய ரோஸ்டர் போட்டோக்கள் ஆறு வாரத்துக்குத்தான் இருந்தன, மிச்சத்துக்குக் கூகுள் மேப்ஸ் டைம்லைனைக் காட்டினேன். வேறு கடையிலும் ஷிஃப்ட் போகிறீர்கள் என்றால் அந்தச் சம்பளத்தையும் ஃபாரத்தில் சொல்லுங்கள்.

ஒரு பொறி: வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும்போதோ அடிபட்டால் விக்டோரியாவில் அது பொதுவாக வொர்க்கவரில் வராது. கார், ட்ராம், ரயில் சம்பந்தப்பட்டிருந்தால் டிஏசி என்ற வேறு அமைப்பு பார்த்துக்கொள்ளும்.

8. நிராகரித்தால், ஷிஃப்ட் நின்றால், விசா என்று மிரட்டினால்

என்னுடையதை நிராகரித்தார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும்: "வீட்டில் சமைக்கும்போது." முடிவு வந்த 60 நாளுக்குள் வொர்க்ப்ளேஸ் இன்ஜுரி கமிஷனில் மனுப் போட வேண்டும், கட்டணம் இல்லை. இரண்டு தரப்பையும் போனில் உட்கார வைத்துப் பேசுவார்கள். வொர்க்கவர் அசிஸ்ட் என்ற இலவச சேவை உங்கள் பக்கம் ஆள் தரும். அங்கிருந்து வந்த பெண் என்னிடம் முதலில் கேட்டதே "அன்று ராத்திரி யாருக்காவது மெசேஜ் அனுப்பினாயா?" ஓனருக்கு அனுப்பவில்லை. ஆனால் ரூம்மேட்டுக்கு அனுப்பியிருந்தேன், 10.31க்கு, "மச்சான் கடைல கால்ல எண்ண கொட்டிருச்சு" என்று, கூடவே கடைத் தரையில் என் காலின் போட்டோ. அதுதான் காப்பாற்றியது.

30 வயதுக்குள் இருந்தால் கார்ல்டனில் ட்ரேட்ஸ் ஹாலில் இருக்கும் யங் வொர்க்கர்ஸ் சென்டரில் இலவச ஆலோசனை கிடைக்கும். அதே இடத்தில் மைக்ரன்ட் வொர்க்கர்ஸ் சென்டரும் இருக்கிறது.

கேஷுவலை யாரும் வேலையைவிட்டு நீக்குவதில்லை, ரோஸ்டரில் பெயர் வராது, அவ்வளவுதான். பாதுகாப்பு பற்றிப் பேசியதற்காகவோ கிளெய்ம் போட்டதற்காகவோ இப்படிச் செய்வது சட்டப்படி தப்பு. வேலையைவிட்டு நீக்கியதாக ஃபேர் வொர்க் கமிஷனில் போக 21 நாள்தான் கெடு, இந்த நாள் கணக்கு மிகச் சின்னது, பலரும் தவறவிடுவது இதைத்தான். சம்பளப் பாக்கி என்றால் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன், 13 13 94.

விசா. காயத்துக்குக் கிளெய்ம் போடுவதால் ஸ்டூடன்ட் விசா ரத்தாகாது. 2024 ஜூலை 1 முதல், விசா நிலைமையைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது முதலாளிக்குக் குற்றம். இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைத் தாண்டி வேலை செய்திருந்தால், அதற்குப் பயந்து காயத்தை மறைக்க வேண்டாம். முதலில் மேலே சொன்ன சென்டர்களில் பேசிவிட்டு அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

9. திரும்பப் போகும்போது

சர்டிஃபிகேட்டில் "ஒரே இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது" என்று இருந்தால் அதை மீறாதீர்கள், கூட்டம் அதிகமாக இருந்தாலும். வாரப் பணம் வாங்கிக்கொண்டே இன்னொரு கடையில் சொல்லாமல் வேலை செய்யாதீர்கள். நடுவில் ஊருக்குப் போவதாக இருந்தால் டிக்கெட் போடும் முன் ஏஜென்ட்டிடம் எழுதிக் கேளுங்கள்.

10. எனக்கு ஆன கணக்கு

நாட்கள்: காயம் பட்டது முதல் நாள் என்றால், சரியான சர்டிஃபிகேட் கைக்கு வந்தது 13ஆம் நாள், ஃபாரம் கொடுத்தது 16ஆம் நாள், நிராகரிப்புக் கடிதம் 52ஆம் நாள், கமிஷனில் மனு 60ஆம் நாள், முதல் பணம் வங்கியில் விழுந்தது 118ஆம் நாள். அன்று ராத்திரியே உண்மையைச் சொல்லியிருந்தால் 45 நாளுக்குள் முடிந்திருக்கும் என்றார் அந்த அசிஸ்ட் பெண்.

செலவு: டாக்டருக்கு மூன்று முறை, முறைக்கு 95 டாலர் முன்பணமாகக் கட்டினேன். வொர்க்கவர் தனக்கென்று வைத்திருக்கும் ரேட்டில்தான் திருப்பித் தரும், அதனால் முழுதும் வரவில்லை. கிளெய்ம் நம்பர் வந்த பிறகு நேராக அங்கேயே பில் அனுப்பும் கிளினிக்கா என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். கட்டுப்போடும் துணி, களிம்பு 62. ஃபாரம், கமிஷன், அசிஸ்ட் எல்லாம் சேர்த்து பூஜ்யம். காயத்துக்காகப் போய்வந்த போக்குவரத்துச் செலவையும் கேட்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது, மைக்கி கார்டு (ட்ராம், ரயில் டிக்கெட் கார்டு) கணக்கை எடுத்துக் கொடுத்தேன், வந்தது. எமர்ஜென்சியிலிருந்து விடிகாலையில் வீட்டுக்கு வந்த டாக்சி ரசீதை மட்டும் ஜீன்ஸ் பையில் வைத்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன், அந்த 34 டாலர் வரவே இல்லை.